அப்பாவின் கேசட்டுகளைக் கிளவுடில் ஏற்றினேன். கைபேசியில் வேறு கச்சேரி ஒலிக்கிறது

மைக்செட்டார் மகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றுவது எப்படி என்று 2019இல் நான் கேட்டபோது இங்கே பலர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தீர்கள். இப்போது அதே கேசட்டுகளால் இரண்டு வாரமாகத் தூக்கமில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். முழு விவரமும் தெரிந்தால்தான் உங்களால் வழி சொல்ல முடியும்.

என் அப்பா மன்னார்குடிக்குப் பக்கத்தில் மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்றால் பையன்களை அனுப்பிவிடுவார். கோயில் திருவிழாவில் கச்சேரி என்றால் மட்டும் தானே போவார். ஆம்பிளிஃபயரிலிருந்து ஒரு ஒயரை இழுத்து டேப் ரிக்கார்டரில் செருகிவிட்டுப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். 1976 முதல் 1994 வரை அப்படிச் சேர்ந்தவை 386 கேசட்டுகள். ஒவ்வொன்றின் அட்டையிலும் பச்சை மையில் தேதி, ஊர், வித்வான், பக்கவாத்தியம், ராகம் எல்லாம் எழுதியிருப்பார். நடுவில் மழை வந்து கச்சேரி நின்றிருந்தால் ‘மழை, 20 நிமிடம்’ என்று அதையும் எழுதியிருப்பார்.

நான் பணி ஓய்வு பெற்ற பிறகு மூன்று ஆண்டு உட்கார்ந்து அத்தனையையும் கணினியில் ஏற்றினேன். கேசட் ஓடுகிற நேரம் முழுக்க நாமும் கூட உட்கார வேண்டும்; தொண்ணூறு நிமிடக் கேசட்டுக்கு ஒன்றரை மணி நேரம், அதைக் குறைக்க வழியில்லை. பிறகு ஒவ்வொரு உருப்படியையும் தனித்தனியாக வெட்டி, தரம் குறையாமல் ஒலியைச் சேமிக்கும் ஃபிளாக் கோப்பாகச் சேமித்தேன். மொத்தம் 3,100 கோப்புகளுக்கு மேல், ஏறத்தாழ 170 ஜிபி. அட்டையில் அப்பா எழுதியதை ஒரு சொல் விடாமல் டேக்கில், அதாவது கோப்புக்குள்ளேயே இருக்கும் விவரக் குறிப்பில், தட்டச்சு செய்தேன். ‘மழை, 20 நிமிடம்’ உட்பட.

இவ்வளவும் வீட்டு மேசைக் கணினியில் இருந்தன. 2021இல் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து வைத்தேன். அப்போது 290 கேசட்டுகள் முடிந்திருந்தன. மீதி 96ஐ அதில் சேர்க்கவே இல்லை. இன்றைக்குச் செய்யலாம், நாளைக்குச் செய்யலாம் என்று தள்ளிப்போட்டேன்.

போன மாதம் பெங்களூரிலிருந்து மகன் வந்திருந்தான். “அம்மா, இதையெல்லாம் கைபேசியில் கேட்கலாமே” என்று ஒரு கிளவுட் பாட்டுச் சேவையில் சேர்த்துவிட்டான். சந்தா கட்டி, பாட்டுக் கோப்புறை முழுவதற்கும் ஒத்திசைவு போட்டாயிற்று. கணினியில் இடம் குறைவாக இருக்கிறது, மிச்சப்படுத்தலாமா என்று திரையில் கேட்டது. சம்மதம் என்று அழுத்தியது நான்தான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதல் வாரம் சொர்க்கம். வாசலில் கோலம் போடும்போது பைரவி, பஸ்ஸில் போகும்போது ஆரபி. அதற்குப் பிறகுதான் மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன.

ஒன்று, சில கோப்புகளைத் தொட்டால் வேறு பதிவு ஒலிக்கிறது. கேசட் எண் 341இல் ஒரு காம்போதி இருக்கிறது. 24 நிமிடம் 40 விநாடி. கைபேசியில் தொட்டால் 7 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதே வித்வான், அதே கீர்த்தனை; ஆனால் கண்ணாடிபோல் சுத்தமான ஸ்டூடியோப் பதிவு. கேசட்டின் அட்டைப் படத்துக்குப் பதிலாக ஏதோ கம்பெனி வெளியிட்ட ஆல்பத்தின் படம். நான் எழுதிய ஊரும் தேதியும் மறைந்து, ஆங்கிலத்தில் ஏதோ தலைப்பு. எண்ணிப் பார்த்தேன், இப்படி 212 கோப்புகள். (வித்வானின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. அவர் குடும்பத்தாரைக் கேட்காமல் இந்தப் பதிவுகளைப் பற்றி வெளியில் பேசக் கூடாது என்று இருக்கிறேன்.)

இரண்டு, சில ராகங்கள் மட்டும் இரட்டை இரட்டையாகத் தெரிகின்றன. தோடி என்று இரண்டு வரிசை, காம்போதி இரண்டு, மோகனம் இரண்டு, இந்தோளம் இரண்டு. ஆனால் கல்யாணி ஒன்றுதான். சங்கராபரணம், பைரவி, சாவேரி எல்லாம் ஒன்றுதான். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன், ஒரு வித்தியாசமும் இல்லை.

மூன்று, இதுதான் என்னை உலுக்கிவிட்டது. இரட்டையாக இருந்த தோடிகளில் ஒரு வரிசையைக் கைபேசியிலிருந்து நீக்கினேன். 38 கோப்புகள். கைபேசியில் இடத்தை அடைக்கிறதே என்றுதான் நீக்கினேன். மறுநாள் மேசைக் கணினியைத் திறந்தால் அங்கேயும் அந்த 38 இல்லை.

இப்போது 341ஐக் கணினியில் திறந்தாலும் அந்த 7 நிமிட ஸ்டூடியோப் பாட்டுத்தான் இறங்குகிறது. 341 இரண்டு மணி நேரக் கேசட். நாடா மெலிந்து கிடந்தது. பதிவு செய்து முடித்த அன்றே டெக்கில் சிக்கி அறுந்துவிட்டது. அதனால்தான் இத்தனை பதற்றம். அதன் தொடக்கத்தில் வித்வான் வருவதற்கு முன் அப்பா மைக் சோதிப்பார்: “ஹலோ, ஹலோ, ஒன், டூ, த்ரீ.” பிறகு யாரிடமோ “பின்னால் கேட்கிறதா?” என்பார். அப்பாவின் குரல் என்று என்னிடம் மிச்சமிருப்பது இதுபோன்ற சில விநாடிகள்தாம்.

அசல் எங்கே போனது? திரும்பக் கிடைக்குமா?


ஊசிமுனை எழுதியது:

அம்மா, முதலில் மேசைக் கணினியின் இணைய இணைப்பைக் கழற்றுங்கள். கைபேசியில் இனி ஒன்றையும் நீக்காதீர்கள், பெயர் மாற்றாதீர்கள். கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதவும் வேண்டாம். இதைச் செய்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.

எந்தச் சேவை என்று நீங்கள் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். நடந்திருப்பது என்ன என்று நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

பல பாட்டுச் சேவைகள் நம் கோப்புகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்வதில்லை. ஒரே திரைப்பாட்டைப் பத்து லட்சம் பேர் வைத்திருந்தால் பத்து லட்சம் பிரதிகளைச் சேமிப்பானேன் என்பது அவர்கள் கணக்கு. அதனால் முதலில் நம் பட்டியலைப் பார்த்து, தங்கள் கிடங்கில் இருப்பதோடு ஒத்துப்பார்ப்பார்கள். அங்கே இருந்தால் நம் கோப்பு ஏறாது. அவர்களுடைய பிரதியை நம் பெயரில் காட்டுவார்கள். கிடங்கில் இல்லாதது மட்டும்தான் உண்மையில் ஏறும். 2011 நவம்பரில் அமெரிக்காவில் ஐடியூன்ஸ் மேட்ச் வந்தபோது இந்த முறை பரவலாகத் தெரியவந்தது. ஆண்டுக்கு 24.99 டாலர், 25,000 பாட்டு வரம்பு, பொருந்தியவற்றுக்கு 256 கிலோபிட் ஏஏசி பிரதி. 128 கிலோபிட்டில் மங்கலான எம்பி3 வைத்திருந்தவர்களுக்கு அது யோகம்தான். ஒரு பைசா கூடுதல் இல்லாமல் நல்ல பிரதி கிடைத்தது. திரைப்பாட்டுக்கு இது பொருந்தும். ஒரு திரைப்பாட்டுக்குப் பெரும்பாலும் ஒரே பதிவுதானே.

ஒத்துப்பார்ப்பதில் இரண்டு வகை உண்டு. பெயரை வைத்துப் பார்ப்பது ஒன்று, கைரேகைபோல் ஒலிக்கே உரிய அடையாளமான ஒலி ரேகையை எடுத்துப் பார்ப்பது இன்னொன்று. 2015இல் ஆப்பிள் மியூசிக் தொடங்கியபோது பெயர் விவரங்களை வைத்தே பொருத்தியது. மேடைப் பதிவுக்குப் பதில் ஸ்டூடியோப் பதிவு வருகிறது என்று உலகமெங்கும் புகார் எழுந்து, 2016இல் ஒலி ரேகைக்கு மாறியது. உங்கள் பதிவின் தொடக்கத்தில் அப்பாவின் குரல் இருக்கிறது, நாடா இரைச்சல் இருக்கிறது, நீளமும் மூன்று மடங்கு. ஒலியைக் கேட்டிருந்தால் எந்த இயந்திரமும் இதையும் ஸ்டூடியோப் பாட்டையும் ஒன்று என்று சொல்லியிருக்காது. ஆகவே உங்கள் சேவை பெயரை மட்டும் பார்த்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு கேள்வி: அந்த 212க்கும் ஆங்கில எழுத்தில் தலைப்பு கொடுத்திருந்தீர்களா?

கசப்பான செய்தி இனிதான் இருக்கிறது. பொருந்தியது என்று அவர்கள் முடிவு கட்டிய 212 கோப்புகளும் மேலே ஏறவே இல்லை. ‘இடத்தை மிச்சப்படுத்து’ என்பதற்குச் சம்மதித்தபோது, மேலே இருக்கிறதே என்ற நம்பிக்கையில் கணினியிலிருந்த உங்கள் அசலும் அகற்றப்பட்டிருக்கும். அப்படியானால் கிளவுடில் தேடிப் பயனில்லை. வெளி ஹார்ட் டிஸ்க், பழைய பென் டிரைவ், யாருக்காவது கொடுத்த பிரதி, இவற்றில்தான் தேட வேண்டும்.

நீங்கள் நீக்கிய 38 வேறு வகை. ஒத்திசைவு என்றால் இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இருக்கச் செய்வது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்; அது சொன்ன வேலையைத்தான் செய்திருக்கிறது. சேவையின் இணையப் பக்கத்தில் குப்பைத் தொட்டி இருக்கும். பல சேவைகளில் 30 நாள் வரை அதில் வைத்திருப்பார்கள். இன்றே பாருங்கள்.


அச்சுக்கோப்பாளர் எழுதியது:

இரட்டை ராகங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். முப்பது ஆண்டாகத் தமிழ் எழுத்துகளோடு மல்லுக்கட்டுகிற எனக்கு உங்கள் பட்டியலைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது.

தோடி, காம்போதி, மோகனம், இந்தோளம். நான்கிலும் ஓகாரம் ஏறிய உயிர்மெய் இருக்கிறது. தோ, போ, மோ. கல்யாணி, பைரவி, சாவேரி, சங்கராபரணம் ஆகியவற்றில் அது இல்லை. உங்கள் பட்டியலில் கேதாரகௌளை இருந்தால் அதுவும் இரட்டையாக இருக்க வேண்டும். பார்த்துச் சொல்லுங்கள்.

காரணம் இது. கணினிகள் எழுத்துகளைக் குறிக்கப் பயன்படுத்தும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் ‘தோ’ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். த என்ற எழுத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒரு வகை. இரட்டைக் கொம்பை ஒரு குறியாகவும் காலை இன்னொரு குறியாகவும் தனித்தனியே வைப்பது மற்றொரு வகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு முதலாவது இரண்டு குறிகள், அடுத்தது மூன்று குறிகள். இரண்டையும் சமமாகக் கொள்ள வேண்டும் என்று யூனிகோடு விதியே இருக்கிறது. எல்லா மென்பொருளும் அதை மதிப்பதில்லை. ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஆகிய மூன்று குறிகளுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. ஏகாரம், ஐகாரம் ஒற்றைக் குறியாகவே இருப்பதால் சாவேரியும் பைரவியும் தப்பித்தன.

நீங்கள் இரண்டு வெவ்வேறு கணினிகளில் தட்டச்சு செய்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். சில பழைய கோப்பு முறைகள், நாம் சேர்த்து எழுதிய பெயரைப் பிரித்து எழுதித்தான் சேமிக்கும். அந்தக் கணினியிலிருந்து வந்த தோடி ஒருவகை, மற்றதிலிருந்து வந்த தோடி இன்னொரு வகை. ஒத்திசைவு மென்பொருள் அவற்றை இரண்டு வேறு பெயர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே நீங்கள் நீக்கிய 38 வெறும் நகல்களாக இல்லாமலும் போகலாம். முதல் கணினியில் ஏற்றிய தோடிகள் ஒரு வரிசையிலும், அடுத்த கணினியில் ஏற்றிய தோடிகள் மற்றொரு வரிசையிலும் பிரிந்து நின்றிருக்கலாம். ஊசிமுனை சொன்னபடி குப்பைத் தொட்டியை உடனே பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பல கோப்பு முறைகளில் ஒரு பெயருக்கு 255 பைட் வரைதான் இடம். ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். ‘மதுரை’ என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஐந்து குறிகள், 15 பைட். 255ஐ மூன்றால் வகுத்தால் 85 குறிகள்தாம். தேதி, ஊர், வித்வான், பக்கவாத்தியம், ராகம் எல்லாவற்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதினால் 85 போதாது. சில இடங்களில் ஏறாமலே நின்றுவிடும். கோப்புக்கு ‘341-அ-03’ என்பதுபோல் எண் மட்டும் கொடுங்கள். அப்பா எழுதியதை முழுவதுமாக டேக்கில் வையுங்கள். ஃபிளாக்கின் டேக்குகளுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.


இரவுப்பணி எழுதியது:

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே பாடகரின் அதே பாட்டு இரைச்சல் இல்லாமல் நல்ல தரத்தில் கிடைக்கிறது. மாதச் சந்தாவில் எல்லாமே இருக்கும்போது இந்தப் பழைய பதிவுகளுக்காக ஏன் இவ்வளவு சிரமப்பட வேண்டும்?


மைக்செட்டார் மகள் எழுதியது:

தம்பி, தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. உண்மையாகவே கேட்கிறீர்கள், நானும் உண்மையாகவே சொல்கிறேன்.

ஸ்டூடியோவில் அவர் பாடியது கீர்த்தனை. எங்கள் ஊர்த் தேரடியில் அவர் பாடியது அந்தக் கீர்த்தனை மட்டும் இல்லை. முதலில் பதினான்கு நிமிடம் ஆலாபனை. தார ஸ்தாயியில் ஓரிடத்தில் குரல் பிசிறுகிறது. அப்படியே விட்டுவிடாமல் அதே பிடியை மூன்று தடவை திரும்பத் தொட்டு, நாலாவது தடவை சுத்தமாக நிறுத்துகிறார். கூட்டத்திலிருந்து ஒரு கிழவர் “ஆகா!” என்கிறார். வயலின்காரர் அந்த ‘ஆகா’வுக்குக் காத்திருந்தவர்போல் அதே பிடியை வாசிக்கிறார். பிறகு நிரவல், அதற்குப் பிறகு ஸ்வரம். நடுவில் அப்பா ஒலியைக் கொஞ்சம் குறைப்பது காதுக்குத் தெரிகிறது. மிருதங்கம் மேலேறி வந்ததால் குறைத்திருப்பார். அந்த ராத்திரி அவர் பாடியது அந்த ராத்திரிக்குத்தான். மறுநாள் அடுத்த ஊரில் அதே கீர்த்தனையை வேறுமாதிரி பாடியிருப்பார். அந்தக் கேசட்டும் என்னிடம் இருக்கிறது, எண் 342. இயந்திரத்துக்கு இரண்டின் பெயரும் ஒன்று. அதனால் இரண்டுக்கும் ஒரே ஸ்டூடியோப் பாட்டைக் கொடுத்திருக்கிறது.

இரைச்சல் பற்றிச் சொன்னீர்கள். அதைக் கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வருகிறது. அந்த இரைச்சலுக்குள்தான் சுண்டல் விற்பவர் இருக்கிறார், குழந்தை அழுகிறது, ஜெனரேட்டர் ஓடுகிறது.

ஊசிமுனை ஐயா, நீங்கள் கேட்டது முற்றிலும் சரி. கார் ஸ்டீரியோவில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்ததால், ஒரு கட்டத்துக்குப் பிறகு தலைப்பையும் வித்வான் பெயரையும் ஆங்கில எழுத்தில் போடத் தொடங்கினேன். பொருந்திய 212ம் அப்படிப் போட்டவைதாம். தமிழில் மட்டும் எழுதிய ஒன்றைக்கூட அது தொடவில்லை. அச்சுக்கோப்பாளர் ஐயா, கேதாரகௌளையும் இரட்டைதான். கௌளையும் இரட்டை. நீங்கள் சொன்ன பிறகு பார்த்தேன், கண்ணீரே வந்துவிட்டது. பாதி வேலையை மகளுடைய பழைய மடிக்கணினியில்தான் செய்தேன்.


நாடாப்பெட்டி எழுதியது:

ஒலிப்பதிவுகளைப் பாதுகாக்கும் வேலையில் இருப்பவன் நான். மேலே ஊசிமுனையும் அச்சுக்கோப்பாளரும் சொன்னது சரி. விட்டுப்போன சிலவற்றைச் சேர்க்கிறேன்.

முதலாவதாக 341. ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில்தானே பதிவு செய்தீர்கள்? வெட்டுவதற்கு முன்னால் திட்டக் கோப்பாகச் சேமித்திருப்பீர்கள். 2021 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பிலிருந்து அது ‘ஏயூபி3’ என்ற ஒற்றைக் கோப்பு. அதற்கு முன் ஒரு சிறு கோப்பும் அதன் பெயரிலேயே ஒரு கோப்புறையும் இருக்கும். பாட்டு மென்பொருள்களுக்கு இவை பாட்டாகவே தெரியாது. ஆகவே ஒத்திசைவு இவற்றைத் தொட்டிருக்க வாய்ப்பில்லை. பாட்டுக் கோப்புறையை விட்டுவிட்டு ஆவணங்கள், பதிவிறக்கம், மேசைப்பரப்பு ஆகிய இடங்களில் தேடுங்கள். அளவை வைத்துத் தேடுவது எளிது. ஒரு மணி நேரப் பதிவு 1.2 ஜிபிக்குக் குறையாமல் இருக்கும்.

அடுத்து, திரும்பக் கிடைக்கும் கோப்புகள் உங்களுடையவைதாமா என்று எப்படித் தெரியும்? ஃபிளாக் கோப்பின் தலையில், உள்ளே இருக்கும் ஒலிக்கான கைரேகை போன்ற ஓர் எண் பதிந்திருக்கும். எம்டி5 என்பார்கள். டேக்கை மாற்றினாலும் அந்த எண் மாறாது. ஒலியில் ஒரு துளி மாறினாலும் அது பொருந்தாது. 2021 ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் 290 கேசட்டுகளின் எண்களையும் கணினியில் இருப்பவற்றின் எண்களையும் ஒப்பிட்டால் எது அசல், எது மாறியது என்று ஒரே மாலையில் தெரிந்துவிடும். கோப்பு ஏஏசியாகவோ எம்பி3ஆகவோ திரும்பி வந்திருந்தால் ஒப்பிடவே வேண்டாம், அது உங்களுடையது இல்லை.

கேசட்டுகளைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். கணினியில் ஏற்றியாகிவிட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் எத்தனையோ பேர் எங்களிடம் வந்து அழுதிருக்கிறார்கள். பெரிய நிறுவனம் என்றால் பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். மைஸ்பேஸ் தளத்தில் 12 ஆண்டுகளாக மக்கள் ஏற்றிய பாட்டுகள், ஐந்து கோடிக்கு மேல், சர்வர் மாற்றும்போது அழிந்துபோயின. அது வெளியில் தெரிந்தது 2019இல். மீட்க முடிந்தது ஐந்து லட்சத்துக்கும் குறைவு. கூகுள் பிளே மியூசிக்கில் 50,000 பாட்டு வரை இலவசமாக ஏற்றலாம் என்றிருந்தது. 2020 டிசம்பரில் அதை மூடினார்கள். அவகாசம் கொடுத்தார்கள், யூடியூப் மியூசிக்குக்கு மாற்றிக்கொள்ள வழியும் செய்தார்கள். அறிவிப்பைப் பார்க்காதவர்களின் பாட்டு போனது போனதுதான்.

கைபேசியில் கேட்கும் ஆசையை விட வேண்டாம். வீட்டுக் கணினியிலேயே நாவிட்ரோம் அல்லது ஜெல்லிஃபின் போன்ற இலவச மென்பொருளை நிறுவி, உங்கள் கோப்புகளை நீங்களே கைபேசிக்கு அனுப்பிக் கேட்கலாம். அவை யாருடைய கிடங்கோடும் ஒப்பிட்டு உங்கள் கோப்பை மாற்றிவைக்காது. பிரதிகளுக்கு நாங்கள் கடைப்பிடிக்கும் கணக்கு மூன்று: கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரில் ஒன்று. வேறு ஊரில் இருப்பது பெங்களூரில் மகன் வீட்டு அலமாரியாகவே இருக்கலாம். வெளி ஹார்ட் டிஸ்க்கை எப்போதும் செருகியே வைக்காதீர்கள். பிரதி எடுத்ததும் கழற்றிவிடுங்கள். கிளவுட் வேண்டுமென்றால், பாட்டு என்று தெரியாதபடி கோப்புறையைச் சுருக்கிப் பூட்டிய ஒரே கோப்பாக ஏற்றுங்கள். அங்கே யாரும் அதைப் பொருத்திப் பார்க்க மாட்டார்கள்.

கேசட்டை மறுபடி ஏற்றுவதானால் இந்த முறை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஏற்றுங்கள். ஒலிக் காப்பகங்களின் சர்வதேச அமைப்பான ஐயாசா குறைந்தபட்சம் என்று சொல்வது அதுதான். அதைவிட முக்கியம், டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சிறு திருகு. ஒவ்வொரு கேசட்டுக்கும் அதை அரைக்கால் சுற்று இப்படியும் அப்படியும் திருப்பி, தம்புராவின் ஒலி எங்கே மிகத் தெளிவாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். அப்பாவின் டேப் ரிக்கார்டரும் உங்கள் டெக்கும் ஒரே கோணத்தில் இருக்காது.


மைக்செட்டார் மகள் எழுதியது (ஐந்து நாள் கழித்து):

உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல வேண்டும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருபவர்களுக்கு உதவும்.

நீக்கிய 38இல் 31 குப்பைத் தொட்டியில் இருந்தன. அச்சுக்கோப்பாளர் சொன்னது அப்படியே பலித்தது: அவற்றில் ஒன்றுகூட நகல் இல்லை. எல்லாமே மகளின் மடிக்கணினியில் நான் ஏற்றிய தனித் தோடிகள். மீதி ஏழும் அங்கே இல்லை. ஆனால் அவற்றின் கேசட்டுகள் டிரங்குப் பெட்டியில் நன்றாக இருக்கின்றன. மறுபடி ஏற்றிக்கொள்வேன்.

பொருந்திய 212இல் 148 கோப்புகள் 2021 ஹார்ட் டிஸ்க்கில் அசலாகக் கிடைத்தன. மகன் பெங்களூரிலிருந்தே என் கணினித் திரையைப் பார்த்து அந்த எண்களை ஒப்பிட்டுக் கொடுத்தான். ராத்திரி பதினொன்றரை மணி வரை உட்கார்ந்தோம். ஒவ்வொன்றும் பொருந்தும்போது அவன் “இருக்கிறது, அம்மா” என்பான். 148 தடவை சொன்னான். மீதி 64க்குக் கேசட்டைத்தான் போட வேண்டும். 341 தவிர மற்றவை ஓடும் நிலையில் இருக்கின்றன.

341. நாடாப்பெட்டி ஐயா சொன்னபடி அளவை வைத்துத் தேடினேன். பதிவிறக்கக் கோப்புறைக்குள், மின்கட்டண ரசீதுகளுக்கு நடுவே, ‘புதியது 7’ என்ற பெயரில் ஒரு ஏயூபி3 கோப்பு. 1.2 ஜிபி. திறந்து, பச்சைப் பொத்தானை அழுத்தினேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ‘டொக்’ என்று மைக்கைத் தட்டும் சத்தம். அப்புறம் அப்பா. “ஹலோ, ஹலோ, ஒன், டூ, த்ரீ.” நான் வெட்டும்போது விட்டுவிட்ட இன்னும் சில விநாடிகளும் அதில் இருந்தன. “பின்னால் கேட்கிறதா?” என்பதற்குப் பிறகு தூரத்திலிருந்து ஒரு பையன் “கேட்கிறது அண்ணே” என்கிறான். அப்பா சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை நான் வெட்டி எறிந்திருந்தேன் என்பது எனக்கே தெரியாது. நாலு பிரதி எடுத்துவிட்டேன்.

சேவையின் சந்தாவை நிறுத்திவிட்டேன். நாவிட்ரோமை மகன் அடுத்த மாதம் வரும்போது போட்டுத் தருவான். ராகப் பெயர்களை ஒரே விதமான யூனிகோடாக மாற்ற அச்சுக்கோப்பாளர் தனிச்செய்தியில் அனுப்பிய சிறு நிரல் வேலை செய்தது. தோடி இப்போது ஒரே தோடி.

கிடைத்தது 341இன் முதல் பக்கம் மட்டும். இரண்டாம் பக்கத்தின் திட்டக் கோப்பு எங்குமே இல்லை. தனி ஆவர்த்தனமும் மங்களமும் அதில்தான் இருக்கின்றன. நாடா ஓரிடத்தில்தான் அறுந்திருக்கிறது, அறுந்த இடம் சுருங்கியும் போயிருக்கிறது. செல்லோ டேப் போட்டு ஒட்டினால் பசை கசிந்து அடுத்த சுற்றிலும் ஒட்டிக்கொள்ளும் என்று படித்ததால் தொடாமல் ஒரு தகர டப்பாவில் வைத்திருக்கிறேன். மன்னார்குடி, கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கத்தில், நாடா ஒட்டுவதற்கென்றே உள்ள டேப்பும் அச்சும் வைத்து ஒட்டத் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். கேசட்டை நானே நேரில் கொண்டுவருகிறேன். தபாலில் அனுப்ப மனம் வரவில்லை.